தணல் சுடாத கை

ஓய்வு பெற்று நாலு வருசம். வேலை பார்த்த சுகாதாரக் கந்தோர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்றுதான் இருந்தேன். போன மாதம் பழைய கந்தோரில் இப்போது வேலை பார்க்கிற ஒருவர், புதிதாக வந்த படிவமொன்றைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தொழுநோய்ப் பரிசோதனைப் படிவம். "சேர், ஒங்கட காலத்தில இப்பிடி வசதி இல்லயே, இப்ப எல்லாம் ஒரே பக்கத்தில முடியிது" என்று கீழே எழுதியிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பதினோராவது கேள்வி: "உணர்வு உள்ளதா? ஓம் / இல்லை." பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, சரி அடையாளம் போடுவதற்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடித்துக்கொண்டிருந்த பிளேன்டியை வைத்துவிட்டு அவருக்குக் கோல் எடுத்தேன். "இந்தக் கேள்விய எழுதினவர் ஆரு? நம்மட ஊருக்கு ஒருக்காலும் வந்தவரா?" என்று கேட்டேன். மனுசன் பயந்துவிட்டார். "ஏன் சேர், கேள்வி சரியாத்தானே இரிக்கி?" என்றார். கேள்வி சரிதான். ஆனால் கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் எந்த ஊரிலும், ஒரு உத்தியோகத்தர் முன்னால் வந்து குந்தி, கையைத் தொட்டு "விளங்குதா?" என்று கேட்டால், சனம் என்ன சொல்லும்? "ஓம்" என்றுதான் சொல்லும். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். வந்தவரின் மனம் நோகக்கூடாது பாருங்கள்.

"அப்ப நீங்க ஒண்டு எழுதித் தாங்களன் சேர், நாங்க எல்லாரும் வாசிக்கிறம்" என்றார் அவர். பகிடிக்குச் சொன்னாரோ என்னவோ, நான் எழுதுகிறேன். இதில் வருகிற பெரியவர் மௌத்தாகி இரண்டு வருசமாகிறது. மூத்த மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம், கடற்கரை ரோட்டில் உள்ள ஊர்களில் ஒன்று, நான் பிறந்ததும் அங்கேதான்.

நான் பார்த்த வேலை பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சுருக்கமாக பீ.எச்.ஐ. அந்தப் பெயரைக் கேட்டால் சனங்களுக்கு நுளம்புக்கு மருந்தடிப்பதும் மலக்குழியும் இறைச்சிக் கடையும்தான் ஞாபகம் வரும். எங்களுக்குப் பயிற்சியிலும் அவைதான் அதிகம். நரம்பு பற்றி ஒரே ஒரு நாள் படிப்பித்தார்கள், அதுவும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. சுவரில் ஒரு மனுசனின் படம் தொங்கியது. தலையில் இருந்து கால் வரை மஞ்சள் கோடு கோடாக நரம்புகள். அதைப் பார்த்தபடியே நான் நன்றாகத் தூங்கினேன். வேலைக்கு வந்து பதினாலாவது வருசம் என்னைத் தொழுநோய்ப் பிரிவுக்குப் போட்டார்கள். அப்போதுதான் அந்த மஞ்சள் கோடுகளை முதலில் இருந்து படிக்க வேண்டி வந்தது.

படிப்பித்தவர் எங்கள் தோல் கிளினிக்குக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் புவனா. பாண்டிருப்பு ஆள். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டின கொண்டை, சத்தம் உயராத கதை. ஏசமாட்டார். ஏசினால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிழை விட்டால் அந்தப் பிழையின் மேல் விரலை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். அவ்வளவுதான். நாங்கள் வேர்த்துக் கொட்டுவோம்.

நான் போன முதல் திங்கட்கிழமை, நோயாளிகள் வர முன்னம், என்னைக் கதிரையில் இருத்திக் கண்ணை மூடச் சொன்னார். கையை நீட்டினேன். "பஞ்சால தொடுறன், விளங்குதா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர்."

"இப்ப?"

"ஓம் டொக்டர்."

"இப்ப?"

"ஓம்."

"கண்ணைத் திறங்க" என்றார். பஞ்சு மேசை மேல் பெட்டிக்குள் இருந்தது. அவர் ஒரு தரமும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சம்பளம் வாங்கிற ஆள் நீங்களே எனக்கு மரியாதைக்கு ஓம் எண்டு சொல்றீங்க. கிளினிக்குக்கு வாற ஏழை என்ன சொல்லும்?" என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவருடைய முறை இதுதான். நோயாளி கண்ணை மூட வேண்டும். பஞ்சின் நுனியை நூல்மாதிரி முறுக்கி, தோலில் லேசாக ஒரு தரம் வைத்து எடுக்க வேண்டும், தடவக் கூடாது. தொட்ட இடத்தில் நோயாளி தன் மற்றக் கை விரலை வைத்துக் காட்ட வேண்டும். நாம் வாயே திறக்கக் கூடாது. இடைக்கிடை தொடாமலும் சும்மா இருக்க வேண்டும், அப்போது அவர் எங்கேயாவது விரலை வைத்தால் ஊகித்துச் சொல்கிறார் என்று அர்த்தம். பஞ்சு முடிந்தால் பேனை முனை. அதன் பிறகு சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் நிரப்பின இரண்டு குழாய்கள். "கேள்வி கேட்டா வாய்தான் பதில் சொல்லும். நமக்கு வேண்டியது நரம்பின்ட பதில்" என்பார்.

நரம்பு என்பது ஒரு வயர் அல்ல, ஒரு கூட்டுக்குள் ஆயிரம் வயர் என்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். தொடுகையைக் கொண்டுபோகிற இழை வேறு, சூட்டைக் கொண்டுபோகிறது வேறு, நோவுக்கு வேறு. விரலை மடக்கு என்று மூளையில் இருந்து கட்டளை கொண்டு வருகிறது இன்னொன்று. வேர்வை வரச் சொல்வதற்குக் கூட அதற்குள் ஒரு இழை இருக்கிறது. முழங்கையைக் கதவு நிலையில் இடித்தால் சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் அடிக்கிறதல்லவா? அந்த இடத்தில் எலும்புக்குப் பின்னால், தோலுக்குச் சரி கீழே, கைக்குப் போகிற பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறது. சுண்டு விரலும், மோதிர விரலில் பாதியும், உள்ளங்கையின் வெளி ஓரமும் அதன் பொறுப்பு. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். அதனால் தோலுக்குக் கிட்ட ஓடுகிற இப்படியான நரம்புகளில்தான் போய்க் குடியிருக்கும். நரம்பு வீங்கும், உள்ளே இருக்கிற இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும். நோவே இல்லாமல் நடக்கிற காரியம் இது. நோவு இல்லாததுதான் நோய் என்று சனத்துக்கு எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது?

வீரமுனையில் ஒரு விவசாயி. வயலால் ஏறி வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. சேற்றிலே கழன்று போயிருக்கிறது. இரண்டு கட்டை தூரம் கிறவல் ரோட்டில் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார், தெரியவில்லை. மனுசி சிரித்திருக்கிறா. பிறகு காலைப் பார்த்தால் அடியெல்லாம் இரத்தம். அடுத்த நாளே அவரைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டா. அந்தக் கால் தப்பியது அந்தப் பெண்ணின் கெட்டித்தனத்தால். இன்றைக்கும் அவர் நடந்து திரிகிறார்.

இனி அந்தப் பெரியவர், ஆதம்பாவா காக்காவின் கதைக்கு வருகிறேன்; காக்கா என்றால் எங்களில் மூத்த அண்ணன்.

ஆதம்பாவா காக்கா எங்கள் ஊரில் கந்தூரிச் சமையல்காரர். கலியாணம், பள்ளிவாசல் கந்தூரி விருந்து, எதுவானாலும் பெரிய கிடாரத்தில் சோறு ஆக்க வேண்டுமென்றால் அவர்தான். என்னை விடப் பதினைந்து வயசு கூட. நான் சுன்னத்துக் கலியாணம் கண்ட நாளிலும் அவர்தான் ஆக்கினாராம், எங்கள் உம்மா சொல்வா. ஆள் ஆறடி, பேச்சுக் கொஞ்சம். நெய்ச்சோற்றைத் தம்மில் போடுகிற நேரம் மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் கொட்டுவார்கள் அல்லவா, அது மூடி முழுக்கச் சரியாகப் பரவ வேண்டும், ஒரு பக்கம் கூடினால் சோறு அடிப்பிடிக்கும். மற்றவர்கள் அதற்கு நீட்டுத் தடி தேடுவார்கள். இவர் உள்ளங்கையின் வெளி ஓரத்தால், மேசையில் கிடக்கிற குப்பையைத் தள்ளுகிற மாதிரி, சாம்பலும் தணலுமாகத் தள்ளிப் பரவுவார். அதே ஓரத்தைக் கிடாரத்தின் வயிற்றில் ஒட்டி வைத்துச் சூடு பார்ப்பார். சனம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "பறக்கத்தான கை, அல்லாஹ்ட அருள் இரிக்கி. அவர்ர கைய நெருப்பு தொடா" என்பார்கள்.

முதலில் இது வெறும் பழக்கம்தான். நாற்பது வருசம் அடுப்படியில் நின்ற கை காய்த்துப் போயிருக்கும், கெதியாகத் தள்ளி எடுத்தால் சுடாது. ஆனால் பிந்தின வருசங்களில் அவர் கெதியாகத் தள்ளவில்லை. ஆறுதலாக, அவசரமே இல்லாமல் தள்ளினார். அதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தொழுநோய்ப் பிரிவில் அப்போது எனக்கு ஏழு வருசம் சேவை. பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் நின்ற வெளியூர் உத்தியோகத்தரிடம் பெருமையாகச் சொன்னேன், "எங்கட காக்காட கை, சுடாது" என்று.

அந்த வருசம் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு பரிசோதனை முகாம் வைத்தோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், ஹவுள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வருகிறவர்களின் கைகால்களைப் பார்ப்பது. டொக்டர் வரவில்லை, நான்தான் பொறுப்பு. ஒருவரும் கிட்ட வருகிறார்கள் இல்லை. தொழுநோய் என்று எழுதின பதாகைக்கு முன்னால் யார் வந்து குந்துவார்? அப்போது ஆதம்பாவா காக்கா, "நான் வாறன், என்னப் பாருங்க. என்னப் பாத்தா மத்தவங்க வருவாங்க" என்று முதல் ஆளாகக் கதிரையில் வந்து இருந்தார். எனக்கு உதவி செய்யத்தான் வந்தார்.

பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஊரில் மதிப்பான மனுசன், என்னைத் தோளில் தூக்கின ஆள். அவரிடம் எல்லாருக்கும் முன்னால் "கண்ண மூடுங்க" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. திறந்த கண்ணோடு இருக்க விட்டேன். பஞ்சால் தொட்டேன். டொக்டர் என்ன சொல்லித் தந்தாரோ அதையெல்லாம் பள்ளி வாசற்படியில் வைத்துவிட்டு, "விளங்குதா காக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி."

"இஞ்ச?"

"ஓம் ஓம்."

பரிசோதனைக் கார்டில் "உணர்வு இயல்பு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் சொன்ன மாதிரியே அதன் பிறகு சனம் வரிசையில் வந்தது. முகாம் வெற்றி என்று மேலே அறிக்கை அனுப்பினேன்.

அடுத்த வருசக் கந்தூரி. நடுப்பகல், சரியான வெயில், பள்ளிக்குப் பின்னால் ஆறு கிடாரம் எரிகிறது. அரிசி தொட்டுத் தண்ணீர் வரைக்கும் பார்க்க வேண்டியது என் கடமை என்பதால் அங்கேயே நின்றேன். காக்கா அடுப்புக்கு முன்னால் நின்றார். நெற்றி, கழுத்து, நெஞ்சு எல்லாம் வேர்வை ஊற்றுகிறது. கை முழங்கை வரைக்கும் நனைந்து மினுங்குகிறது. மணிக்கட்டுக்குக் கீழே, வெளி ஓரத்தில் மட்டும் வேர்வை இல்லை. கோடு கீறினது போல அந்த இடம் காய்ந்து, வெடித்து, சாம்பல் பூத்துக் கிடந்தது. சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நின்றது. அந்த ஓரத்தில் ஒரு கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் அதே ஓரத்தால் தணலைத் தள்ளிக்கொண்டிருந்தார், யாரோடோ கதைத்தபடி, ஆறுதலாக.

அந்த நிமிசத்தில் நான் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன ஓமும் என் காதில் விழுந்தன.

சோறு நிறைத்த சஹன் தட்டுகள் எல்லாம் உள்ளே போய், சனம் ஆறு ஆறு பேராகக் குந்தித் தின்னத் தொடங்கின பிறகு, அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். "காக்கா, கையைத் தாங்க" என்று வாங்கி, முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன். நரம்பு தட்டுப்பட்டது. தேடவே தேவைப்படவில்லை. என் சுண்டு விரல் பருமனுக்கு உருண்டு கிடந்தது. கொப்புளத்தைக் காட்டி, "இது எப்ப?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். "இதா? இப்பத்தான் பாக்கன்" என்றார்.

நோயின் பெயரைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்வதுதான் மரியாதை. அவர் கிணற்றுக் கட்டின் மேல் குந்தினார். உள்ளே இருந்து சனத்தின் சிரிப்பும் கோப்பைச் சத்தமும் கேட்டன. அந்தப் பக்கம் பார்த்தபடி கேட்டார்: "ஊருக்குத் தெரிஞ்சா எண்ட கையால ஆரு தம்பி தின்பாங்க?"

"தெரிய வராது காக்கா."

"இண்டைக்கு இவ்வளவு பேரும் தின்றாங்களே. அவங்களுக்கு ஒண்டும்..."

"சோத்தால வாற வருத்தம் இல்ல இது. கனகாலம் கிட்ட இருந்து, மூச்சால வாறது. வந்தாலும் நூத்தில அஞ்சு பேருக்குக் கூட ஒட்டாது. மருந்துக் குளிசை தொடங்கினா ஒங்களிட்ட இருந்து ஒருத்தருக்கும் போகாது."

"அடுப்ப விடச் சொல்லுவீங்களா?"

டொக்டரைக் கேட்க வேண்டும் என்றேன். "கைய எடுத்தாலும் பரவாயில்ல, அடுப்ப எடுக்காதீங்க" என்றார் அவர். கை இல்லாமல் அடுப்பை வைத்து என்ன செய்வார்?

வருகிற கிளினிக் நாளில், சந்தைக்குப் போகிறவர் மாதிரி ஒரு பன்பையோடு கல்முனை பஸ் ஏறி வந்தார். பைக்குள் பெயருக்கு அரைக் கிலோ செத்தல் மிளகாய். டொக்டர் புவனா அவரைக் கதிரையில் இருத்தி, "காக்கா, நான் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். "மருந்துக்குத் தொடுறதில என்ன மகள்" என்றார் இவர்.

டொக்டர் பார்க்கிற விதத்தை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன், அன்றைக்குக் கண்டதுதான் மனதில் நிற்கிறது. முதலில் காதுச் சோணையை விரலுக்கிடையில் பிடித்துப் பார்த்தார். இறுக்கிக் கண் மூடச் சொல்லி இமை இரண்டும் சேருகிறதா என்று பார்த்தார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். அதன் பிறகு முழங்கையைப் பாதி மடக்கித் தன் கையில் தாங்கிக்கொண்டு, பின்பக்கம் மூன்று விரலால் நரம்பை உருட்டினார். அந்த நேரம் முழங்கையைப் பார்க்கமாட்டார், நோயாளியின் முகத்தைத்தான் பார்ப்பார். நோவை வாய் மறைத்தாலும் கண்ணோரம் காட்டிக் கொடுக்கும். காக்காவின் கண்ணோரம் சுருங்கியது. ஒரு துண்டுக் கடதாசியை அவருடைய சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகி, "இறுக்கிப் பிடிங்க, விடாதீங்க" என்றார். இழுத்தார். கிடாரம் தூக்குகிற கை அது. கடதாசி சும்மா வழுகி வந்தது. காக்கா அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிறகு டொக்டர் போன வருசக் கார்டை எடுத்தார். "உணர்வு இயல்பு." கீழே என் கையெழுத்து. அதன் மேல் விரலை வைத்தார். பஞ்சுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

நான் பஞ்சை முறுக்கினேன். "காக்கா, கண்ண மூடுங்க. நான் எங்க தொட்டனோ அங்க விரல் வைங்க" என்றேன். பெருவிரலில் தொட்டேன், சரியாக வைத்தார். ஆட்காட்டி விரல், சரி. நடு உள்ளங்கை, சரி. பிறகு வெளி ஓரத்துக்கு வந்தேன். தொட்டேன். அவருடைய இடது கை விரல் காற்றில் நீட்டினபடி காத்திருந்தது. இன்னொரு இடம் தொட்டேன். சுண்டு விரலின் அடியில் தொட்டேன், நடுவில் தொட்டேன், நுனியில் தொட்டேன். பேனை முனையால் அழுத்தியும் பார்த்தேன்.

கண்ணை மூடினபடியே காக்கா கேட்டார்: "ஏன் தம்பி நிப்பாட்டிட்டீங்க? தொடுங்களன்."

நான் பஞ்சை வைத்துவிட்டேன். டொக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன வருசம் பள்ளியடியில ஓம் எண்டீங்களே காக்கா" என்றேன். குற்றம் சாட்டுகிற மாதிரி வந்துவிட்டது என் குரல். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீங்க எங்கட ஊர்ப் புள்ள. அவ்வளவு சனத்துக்கு முன்னுக்கு விளங்குதா எண்டு கேக்கீங்க. தொட்டத கண்ணால கண்டன்தானே. பிறகு எப்பிடி இல்ல எண்டு சொல்ற? ஒங்களுக்குக் குறைவா வரும் எண்டு நினச்சன்" என்றார்.

அவரை வெளியே இருத்திவிட்டு டொக்டர் என்னிடம் சொன்னார், நரம்பு மரத்து ஆறு மாதத்துக்குள் என்றால் வீக்கத்தை இறக்குகிற குளிசை கொடுத்து மீட்கலாம், அதற்கு மேலே போனால் கடவுள் விட்ட வழி. உள்ளங்கை ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கிட்டடியில்தான் முழுசாகப் போயிருக்கலாம், சுண்டு விரல் அதற்கு முன்னமே போய்விட்டது. "ஒரு வருசம், பீ.எச்.ஐ." என்றார். "ஓம் டொக்டர்" என்றேன். இது மரியாதைக்குச் சொன்ன ஓம் அல்ல.

அடுப்பைப் பற்றிக் கேட்டேன். "ஏன் நிப்பாட்டணும்? ஊருக்குப் பயந்து நாமளே நிப்பாட்டினா நாம படிச்சதுக்கு என்ன மரியாதை? சமைக்கட்டும். ஆனா வெறுங்கை நெருப்புக்குக் கிட்ட போகக் கூடாது. துணி சுத்தித்தான் பிடிக்கணும். அது சாப்பிடுற ஆக்களுக்காக இல்ல, அவர்ர கைக்காக. அதப் பாக்கிறது ஒங்கட பொறுப்பு" என்றார்.

வீட்டில் காக்காவின் மனைவி ராத்தாவையும் பிள்ளைகளையும் பரிசோதித்துப் பார்த்தோம், அல்லாஹ்வின் கிருபையால் ஒருவருக்கும் இல்லை. ஒரு வருசக் குளிசை. பஸ்ஸில் அவருடைய பைக்குள் யாரும் காணாமல் இருக்க, மாதா மாதம் குளிசை அட்டையை நான் கொண்டு போவேன். தபால் பெட்டி மாதிரி ஒரு வழி செய்திருந்தோம். சமையல் நடக்கிற இடத்துக்கு நான் போவேன், கடதாசியில் சுற்றின பொட்டலத்தைக் கொடுப்பேன், அவர் எனக்கு ஒரு சோற்றுப் பார்சல் தருவார். ஊரில் என்ன கதை வந்தது தெரியுமா? "இந்த பீ.எச்.ஐ.க்கு நாக்கு நீளம், எங்க கிடாரம் வெச்சாலும் மணந்து புடிச்சி வந்திருவார்." என் மனுசிக்குக் கூட அந்தக் கதை எட்டி, வீட்டில் எனக்குச் சோறு போடாமல் ஒரு நாள் கோபித்துக்கொண்டா. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குளிசை தோலைக் கறுக்க வைக்கும். காக்கா மாதத்துக்கு மாதம் கறுத்தார். சனம் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது: நெருப்பில் நின்று கறுத்துவிட்டாராம். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

தினமும் கையைத் தண்ணீரில் ஊற வைத்து, தேங்காய் எண்ணெய் பூசி, மடங்குகிற விரல்களை மற்றக் கையால் நீட்டி நிமிர்த்த வேண்டும். அதை ராத்தா செய்தா. துணி சுற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்பது வருசப் பழக்கம், துணியை மறந்துவிடுவார். அதை விட, துணி சுற்றினால் சனம் கேட்கும் என்ற பயம். எத்தனையோ தரம் நான் போய் நின்று தொண்டையைச் செருமி ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் பஞ்சுப் பரிசோதனை. முதல் மாதம் ஒன்றும் இல்லை. இரண்டாம், மூன்றாம் மாதம் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் நான் சரியாக உறங்கவில்லை. தொழுகையில் அவருடைய கைக்காகத்தான் துஆ கேட்டேன், என் பிழையை அவர் கையில் எழுதி வைக்காதே என்று. ஐந்தாம் மாதம் உள்ளங்கை ஓரத்தில் தொட்டேன். காற்றில் நின்ற விரல் கொஞ்சம் அசைந்தது. இறங்கியது. நான் தொட்ட இடத்தில் இருந்து ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தார். அடுத்ததாகத் தொடாமல் சும்மா இருந்தேன். விரல் அசையவில்லை. டொக்டர் எழும்பி வந்து என் பின்னால் நின்றார். இன்னும் ஒரு தரம் தொட்டேன், இன்னும் ஒரு தரம் வைத்தார். நான் டொக்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

சுண்டு விரல் வரவில்லை. அது கடைசி வரைக்கும் வரவில்லை. மடங்கினபடியே நின்றது. அந்த விரல் என் கணக்கு, நாளை மறுமையில் என்னிடம்தான் கேட்கப்படும்.

குளிசை முடிந்த வருசக் கந்தூரிக்கும் அவர்தான் ஆக்கினார். நான் அரிசி பார்க்கிற சாட்டில் மதிலோரம் நின்றேன். பழைய சாரத்துணியைக் கிழித்துக் கையில் சுற்றியிருந்தார். தம் போடுகிற நேரம் தணலை இரும்புத் தகட்டால் தள்ளினார். பிறகு யாரோ கூப்பிட, துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுவிட்டுக் கதைத்தார். கதைத்து முடிந்து திரும்பினவர், பழக்க தோசத்தில், வெறுங்கையின் ஓரத்தைக் கிடாரத்தின் வயிற்றில் கொண்டுபோய் ஒட்டினார்.

சடாரென்று இழுத்துக்கொண்டார்.

விறகு கொண்டு வந்த அவருடைய மச்சான் அதைக் கண்டுவிட்டார். "என்ன மச்சான், துணி சுத்துறீங்க, கிடாரத்தில கை வைக்க ஏலாம இரிக்கி. ஒங்கட பறக்கத்தான கைக்கு என்ன நடந்த?" என்று பலமாகக் கேட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"போயிட்டு மச்சான்" என்றார் ஆதம்பாவா காக்கா. "பறக்கத் போயிட்டு. அல்ஹம்துலில்லாஹ்."

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பகிடி என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். காக்கா அந்தக் கையை ஊதிக்கொண்டே, புகைக்கு மேலால் மதிலோரம் என்னைத் தேடினார். என்னைக் கண்டதும் கண்களை மூடினார். இடது கை ஆட்காட்டி விரலை எடுத்து, கிடாரம் சுட்ட இடத்தில் சரியாக வைத்துக் காட்டினார்.